தட்டில் சுழன்ற சிரிப்பு

(ஒன்பதாம் வகுப்பு மாணவியர், தமிழ் இலக்கிய மன்றம்)

"வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஆனால் சிரித்த சிரிப்பு எங்கே போகிறது? காற்றோடு கலந்து மறைந்துவிடுகிறதா? எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சொன்ன வேடிக்கையை அவர் குரலிலேயே கேட்டு இன்று நாம் சிரிக்க வழியுண்டா? இக்கேள்விகளுக்கு விடை தேடப் போன நாங்கள் பிறர் பொருள் ஒன்றை உடைத்தோம். அதனால் ஒரு பாடமும் கற்றோம். அப்பாடத்தை இம்மலரைப் படிக்கும் சகோதரியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டி வந்த கதை

தமிழ் வகுப்பில் மெய்ப்பாடு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நிற்பது நகை என்று எங்கள் ஆசிரியை கூறினார். உடனே எங்களில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், டி.வி. வருவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்தபடியே காமெடி கேட்க முடியுமா?" என்று கேட்டாள். ஆசிரியை சிரித்தார். "நம் ஊர் மைக்செட் தாத்தாவைக் கேளுங்கள்" என்றார்.

தம்மம்பட்டியில் கடைவீதிக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் வசிப்பவர் அவர். வயது எண்பதைக் கடந்துவிட்டது. இளமையில் கல்யாண வீடு, காது குத்து, மாரியம்மன் பண்டிகை என்று எது நடந்தாலும் ரேடியோ செட் கட்டப் போனவர். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, திசைக்கொன்றாகத் திருப்பி வைத்து, விடியற்காலையிலேயே பாட்டுப் போட்டுவிடுவாராம். கேசட் வந்தது, சி.டி. வந்தது, பிறகு கைப்பேசியே வந்துவிட்டது. அவருடைய ரிக்கார்டுகள் ஒரு மரப்பெட்டிக்குள் போய் அடங்கின.

நாங்கள் சென்று கேட்டபோது அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது. "இத்தினி வருசமா ஒருத்தரும் கேக்கலையே கண்ணு" என்றார். பழைய செய்தித்தாளில் சுற்றிய இருபத்து மூன்று தட்டுகளையும், தம் தந்தையார் வைத்திருந்த, சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் பெட்டியையும் எங்களிடம் ஒப்படைத்தார். தலைமையாசிரியை சிஸ்டர் அனுமதி தர, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பள்ளியின் நடுக்கூடத்தில் அனைவரும் கூடினோம்.

தட்டுக்குள் குரல் புகுந்தது எப்படி?

கேட்பதற்கு முன் அறிய வேண்டியதை முதலில் அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் 1877 ஆம் ஆண்டு ஒலியைப் பதிவு செய்யும் போனோகிராப் கருவியைக் கண்டுபிடித்தார். அதில் ஒலி ஓர் உருளையின் மீது பதிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து எமிலி பெர்லினர் என்பவர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத்தைப் பயன்படுத்தினார். அதுவே கிராமபோன். தட்டை அச்சில் வைத்து அழுத்தி ஆயிரக்கணக்கில் படி எடுக்கலாம் என்பதால் கிராமபோன் உலகெங்கும் பரவியது. 1902 இல் கல்கத்தாவுக்கு வந்த ஒலிப்பதிவாளர்கள் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார்கள். 1908 இல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

அந்நாளைய தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து தட்டு வார்த்தார்கள். அரக்கு நம் இந்திய நாட்டின் விளைபொருள். ஆகவே வெள்ளைக்காரர் பாடினாலும் விகடம் பேசினாலும் நம் காட்டு அரக்கின் மீதுதான் பேசினார் என்று சொல்லிப் பெருமைப்படலாம்! அரக்குத் தட்டுக்கு ஒரு குறை உண்டு. கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும்.

"ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கும்?" என்று ஆசிரியை கேட்டார். நூறு என்றாள் ஒருத்தி. ஐந்நூறு என்றாள் மற்றொருத்தி. விடை ஒன்றே ஒன்று! வெளி ஓரத்தில் தொடங்கும் ஒரே கோடு சுருள் சுருளாகச் சென்று நடுவில் முடிகிறது. குரலின் அதிர்வுக்கு ஏற்ப அக்கோடு இடமும் வலமுமாக நெளிகிறது. முள் அந்த நெளிவைத் தடவிச் செல்லும்போது அதே அதிர்வு மீண்டும் பிறந்து ஒலியாகிறது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் மரச்சிற்பம் செதுக்குபவர். நம் ஊர்ச் சிற்பங்களின் புகழை நாம் அறிவோம். அவர் தட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "உளி போன வழியிலேயே முள்ளும் போகுது. அங்க மரம், இங்க சத்தம். வேலை ஒண்ணுதான்" என்றார். இதைவிட எளிய விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பழைய தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பேசும். அதாவது 234 சுற்றுகள். 1948 இல் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நெடுந்தட்டு வெளிவந்தது. எல்.பி. என்று அழைக்கப்படும் இது நிமிடத்திற்கு 33⅓ சுற்று மட்டுமே சுற்றும். கோடு மெல்லியதாக இருப்பதால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் பேசும். இரண்டுக்கும் ஒரே முள்ளைப் போடலாகாது. பழைய பெட்டியின் எஃகு முள்ளை நெடுந்தட்டில் வைத்தால் அது தட்டையே உழுதுவிடும்.

மூன்று நிமிடச் சிரிப்பு

மூன்று நிமிடத்திற்குள் ஒருவரைச் சிரிக்க வைக்க வேண்டும். முகம் தெரியாது, கை கால் அசைவு தெரியாது. குரல் ஒன்றே துணை. இது எத்துணைக் கடினம் என்பதை எங்களில் நால்வர் முயன்று பார்த்துத் தெரிந்துகொண்டோம். மூன்று நிமிடம் முடிந்தபோது கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை!

இக்கலையில் தமிழர் நெஞ்சில் இடம்பிடித்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1908 இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த இவர், 1936 இல் வெளிவந்த 'சதிலீலாவதி' படத்தில் நடித்தார். துணைவியார் டி.ஏ. மதுரத்துடன் இணைந்து இவர் பாடிய நகைச்சுவைப் பாடல்கள் இசைத்தட்டுகளாக வீடுகளில் நுழைந்தன. சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1940 இல் தயாரித்த 'உத்தமபுத்திரன்' படத்திலும் இவ்விருவரும் நடித்தனர். நம் மாவட்டத்துக் கூடத்தில் பிறந்த சிரிப்பு நாடெங்கும் ஒலித்தது என்பது நமக்குப் பெருமையன்றோ? இன்று அங்கே படப்பிடிப்பு இல்லை. நுழைவாயில் வளைவு மட்டும் பழைய நினைவாக நிற்கிறது.

பாட்டைப் போலவே வசனமும் தட்டில் ஏறியது. 1952 இல் வெளிவந்த 'பராசக்தி' படத்தின் வசனங்கள் இசைத்தட்டுகளாக வந்தன. 1965 இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் வசனம் கோயில் திருவிழாக்களில் பக்திப் பாடல்களுக்கு இணையாக ஒலித்தது. அப்படத்தை இயக்கி, நக்கீரராகவும் நடித்த ஏ.பி. நாகராஜன் சங்ககிரிப் பக்கம் அக்கம்மாபேட்டையில் பிறந்தவர். அவரும் நம் சேலத்து மண்ணின் மைந்தரே. "பந்தல்ல சாமி புறப்பாடு நிக்கும். அந்தச் சமயம் பார்த்து, 'தருமியப் போடுங்க'ன்னு சத்தம் போடுவாங்க. போட்டா நாகேசு பேசறதுக்கு முன்னாலயே சனங்க பேசி முடிச்சிருவாங்க" என்று மைக்செட் தாத்தா கூறினார். ஊரே ஒரே நேரத்தில் ஒரே வேடிக்கையைக் கேட்டுச் சிரித்த காலம் அது.

கடல் கடந்து இலங்கை வானொலியிலும் தமிழில் நகைச்சுவை நாடகங்கள் ஒலித்தன. மரிக்கார் ராமதாஸ் குழுவினரின் வானொலி நகைச்சுவை நேயர்களிடம் பெற்ற செல்வாக்கால் 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவே உருவெடுத்தது.

நகை பிறக்கும் நான்கு இடங்கள்

சிரிப்பு எதனால் பிறக்கிறது? எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணங்களைத் தொல்காப்பியம் காட்டுகிறது. தட்டில் கேட்டவற்றையும், வீட்டுப் பெரியவர்கள் படத்தில் பார்த்ததாகச் சொன்னவற்றையும் இந்நான்கோடு பொருத்திப் பார்த்தோம்.

எள்ளல் என்பது பிறரைப் பழித்துச் சிரிப்பது. 1949 இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபம் இதற்கு எடுத்துக்காட்டு. ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த சிறுவன் படித்துப் பெரிய அதிகாரியாகத் திரும்பி வரும் கதை அது. அங்கே எள்ளப்படுபவன் அச்சிறுவன் அல்லன். அவனை ஒதுக்கிய ஊரின் செருக்கே எள்ளப்படுகிறது.

இளமை என்பது சிறுபிள்ளைத்தனம். புலவனாக வந்த இறைவனிடம், கேள்வி கேட்க மட்டுமே தனக்குத் தெரியும் என்று தருமி பேரம் பேசுவது குழந்தையின் பிடிவாதம் போன்றதே.

பேதைமை என்பது அறியாமை. 1963 இல் வந்த 'அறிவாளி' படத்தில் பூரி சுடும் முறையைத் தங்கவேலு விளக்குகிறார். எல்லாம் தமக்கு முன்பே தெரியும் என்று டி.பி. முத்துலட்சுமி சொல்லிக்கொண்டே போகிறார். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பேதைமை நம்மைச் சிரிக்க வைக்கிறது. தேர்வுக்கு முதல் நாள் நம்மில் பலரும் முத்துலட்சுமி ஆகிவிடுகிறோம் என்பது வேறு செய்தி!

மடன் என்பது பிறர் சொன்னதை அப்படியே நம்பி, விடாமல் பிடித்துக்கொள்வது. 1959 இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தில் தாம் பெரிய எழுத்தாளர் என்று தங்கவேலு அளக்கும் கதையை எம். சரோஜா நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையே அங்கு நகைக்கு விதை.

தட்டு உடைந்தது

ஏழாவது தட்டை எடுத்தபோது அந்த விபத்து நேர்ந்தது. கலைவாணரும் மதுரமும் சேர்ந்து பாடிய பழைய அரக்குத் தட்டு அது. ஒரு பக்கம் கேட்டு முடித்தோம். கூடமே சிரித்தது. "இன்னொரு தடவை!" என்று பின்வரிசையில் குரல் எழுந்தது. மறுபக்கம் திருப்புவதற்காகத் தட்டைத் தூக்கிய தோழியின் கைவிரல் வழுக்கிற்று. தரையில் விழுந்த தட்டு நான்கு துண்டாயிற்று.

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்தத் தோழி அழத் தொடங்கினாள். எங்களுக்கும் தொண்டை அடைத்தது. எண்பது வயது முதியவர் ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் பொத்திப் பாதுகாத்த பொருளை ஒரே பிற்பகலில் உடைத்துவிட்டோமே! அதைவிட, மறுபக்கத்தில் என்ன இருந்தது என்பதையே நாங்கள் கேட்கவில்லை.

மாலையில் நான்கு துண்டுகளையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். சிஸ்டரும் உடன் வந்தார். தாத்தா துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் தடவிப் பார்த்தார். பிறகு, "அழுவாதீங்க கண்ணுங்களா. கேக்கறப்ப ஒடஞ்சுது. பொட்டியில சும்மா கெடந்து வீணாப் போவல. எத்தினி பேரு சிரிச்சீங்க?" என்று கேட்டார். "நூற்றைம்பது பேர் இருக்கும் தாத்தா" என்றோம். "அப்ப கணக்கு சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு எங்களுக்குக் காப்பி போடச் சொன்னார்.

ஆயினும் எங்கள் மனம் ஆறவில்லை. அதே தட்டு வேறு யாரிடமாவது இருக்குமா என்று தேடத் தொடங்கினோம். தட்டின் சீட்டில் இருந்த பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொருத்தியும் தன் உறவினர் வீடுகளில் விசாரித்தாள். கெங்கவல்லி, வீரகனூர், ராசிபுரம் என்று கேள்வி போயிற்று. ஆறு வாரம் கழித்து ஆத்தூரில் ஒரு தோழியின் பெரியப்பா வீட்டுப் பரணில் அதே எண்ணுள்ள தட்டு கிடைத்தது! அதில் ஒரு கீறல் இருந்தது. ஆனாலும் இரு பக்கமும் பேசிற்று. பெரியப்பா அதைத் தாமே எடுத்து வந்தார். எங்கள் கணினி ஆசிரியை அதன் ஒலியைக் கணினியில் பதிவு செய்தார். பதிவின் படி ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று பெரியப்பாவுக்கு, ஒன்று பள்ளி நூலகத்திற்கு.

அன்றுதான் எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. ஒரே வீட்டில் உள்ள தட்டு ஒரு கைவழுக்கலில் அழியும். பலர் வீட்டில் உள்ள தட்டு அழியாது. ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால்தான் அந்தக் காப்பு பயன்படும். தம்மம்பட்டித் தாத்தாவும் ஆத்தூர்ப் பெரியப்பாவும் அதற்கு முன் ஒருவரையொருவர் அறியார்.

நாய் மார்க்கு சொன்ன மற்றொரு கதை

தாத்தாவின் தட்டுகளில் பலவற்றில் கிராமபோன் குழாயை உற்றுக் கேட்கும் நாயின் படம் இருந்தது. அந்த நாயின் பெயர் நிப்பர். பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் தீட்டிய அப்படம் இங்கிலாந்தின் கிராமபோன் கம்பெனிக்கு வணிகச் சின்னமாயிற்று. அக்கம்பெனி 1931 இல் வேறொரு கம்பெனியோடு இணைந்து இ.எம்.ஐ. ஆனது. அதே நிறுவனத்தின் மற்றொரு பிரிவான பார்லோபோனில் ஜார்ஜ் மார்ட்டின் என்பவர் 1950களில் நகைச்சுவைத் தட்டுகளைத் தயாரித்தார். பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பதிவு செய்து புகழ்பெற்றவரும் இவரே.

இங்கிலாந்தில் அப்போது 'கூன் ஷோ' என்ற வானொலி நிகழ்ச்சி பெரும் புகழுடன் விளங்கியது. 1951 முதல் 1960 வரை பி.பி.சி. அதை ஒலிபரப்பியது. பெரும்பாலான பகுதிகளை எழுதியவர் ஸ்பைக் மில்லிகன். இவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம் மகாராஷ்டிரத்து அகமது நகரில், 1918 ஆம் ஆண்டில்! தந்தையார் ஆங்கிலேயப் படையில் பணிபுரிந்ததால் இளமையை இந்தியாவிலும் பர்மாவிலும் கழித்தார். இவரோடு நடித்த பீட்டர் செல்லர்ஸ் ஒருவரே பலர் குரலில் பேசும் ஆற்றல் மிக்கவர். டோனி ஹான்காக் என்ற மற்றொரு நடிகர், இரத்த தானம் செய்யப் பெருமையோடு போய், விரலில் குத்திய ஒரு துளியே போதும் என்று எண்ணி ஏமாறும் காட்சி 1961 இல் தொலைக்காட்சியில் வந்து, அதே ஆண்டில் நெடுந்தட்டாகவும் பதிவாயிற்று. இதுவும் பேதைமைச் சிரிப்பே அன்றோ?

1973 இல் 'மான்டி பைதான்' குழுவினர் ஒரு விந்தைத் தட்டை வெளியிட்டனர். ஒரு பக்கத்தில் ஒரே கோடுதான் இருக்கும் என்று முன்னே படித்தோம் அல்லவா? அவர்கள் ஒரு பக்கத்தில் இரண்டு கோடுகளை அருகருகே செதுக்கிவிட்டார்கள். முள் எந்தக் கோட்டில் விழுகிறதோ அந்த நகைச்சுவை கேட்கும். நேற்றுக் கேட்டது இன்று கேட்காது! வாங்கியவர்கள் திகைத்திருப்பார்கள்.

ஆனால் நம் கதைக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அக்காலத்தில் ஒளிப்பதிவு நாடா விலை மிகுந்தது. ஆகவே ஒளிபரப்பி முடிந்த நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்வது வழக்கம். பீட்டர் குக், டட்லி மூர் இருவரும் 1965 முதல் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சியின் பல பகுதிகளை பி.பி.சி. இவ்வாறு இழந்துவிட்டது. காட்சி போனாலும், சில உரையாடல்கள் நெடுந்தட்டாக வெளிவந்திருந்ததால் ரசிகர் வீடுகளில் குரல் பிழைத்தது. ஹான்காக்கின் வானொலி நிகழ்ச்சிகளில் தொலைந்துபோன சில, வீட்டிலிருந்தே நாடாவில் பதிவு செய்து வைத்த நேயர்களிடமிருந்து மீண்டும் கிடைத்தன. பெரிய நிறுவனத்தின் அலமாரியில் இல்லாதது எளிய ரசிகனின் அலமாரியில் இருந்தது.

நம் நாட்டிலும் இதே நிலைதான். 1931 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் சுருள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கு இதுவே கதி. படம் அழிந்த பின்னும் பாட்டும் வேடிக்கையும் தட்டில் எஞ்சியிருக்குமானால், அத்தட்டைக் காப்பவர் ஒரு சுவடியைக் காப்பவருக்கு ஒப்பாவார்.

இதை உணர்ந்த அன்பர்கள் நம் நாட்டில் உண்டு. 1990 இல் மும்பையில் இசைத்தட்டுச் சேகரிப்போர் ஒரு சங்கமே தொடங்கினர். கூடிக் கேட்பதும், கேட்டதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதும் அவர்கள் பணி. வி.ஏ.கே. ரங்காராவ் அவர்கள் சென்னையில் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்ததோடு நில்லாமல், அவற்றைப் பற்றி எழுதியும் பேசியும் பிறருக்குப் பயன்படச் செய்தார்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

எல்லாச் சிரிப்பும் காக்கத் தக்கதுதானா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. பீட்டர் செல்லர்ஸ் 1960 இல் இந்திய மருத்துவர் வேடம் பூண்டு, நம்மவர் ஆங்கிலம் பேசும் விதத்தைப் போலவே பேசி ஒரு பாட்டைத் தட்டில் பாடினார். இங்கிலாந்து சிரித்தது. ஆனால் அங்கே குடியேறிய இந்தியப் பிள்ளைகள் இடத்திலிருந்து அதைக் கேட்டுப் பாருங்கள். நம் பேச்சைப் பிறர் கேலி செய்தால் நமக்கு வலிக்காதா?

1990களில் இங்கிலாந்தில் வளர்ந்த இந்திய நடிகர்கள் அப்பாட்டின் பெயரையே தங்கள் நிகழ்ச்சிக்குச் சூட்டினார்கள். முதலில் வானொலியிலும் 1998 இல் பி.பி.சி. தொலைக்காட்சியிலும் அது வந்தது. அதில் ஒரு காட்சி: இந்தியர் சிலர் ஆங்கிலச் சாப்பாட்டுக் கடைக்குப் போய், இருப்பதிலேயே உப்புச்சப்பில்லாத பண்டம் எது என்று ஆரவாரத்துடன் கேட்கிறார்கள். இந்திய உணவு விடுதிகளில் ஆங்கிலேயர் செய்யும் அட்டகாசத்தை அப்படியே திருப்பிக் காட்டினார்கள். கோபத்தால் அன்று, சிரிப்பாலேயே விடை சொன்னார்கள்.

ஆகவே எங்கள் முடிவு இது. வலிக்க வைத்த தட்டையும் உடைக்க வேண்டாம். அன்று மக்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் கேட்கும்போது, எள்ளப்படுபவர் வலியவரா, எளியவரா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கலைவாணர் எளியவரை எள்ளிச் சிரிக்க வைக்கவில்லை. அவர் சிரிப்பு இன்றும் கசக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

பகிர்ந்து கேட்கச் சில நெறிகள்

உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் இசைத்தட்டுப் பெட்டி இருக்கலாம். இருந்தால் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்ளுங்கள்.

தட்டை ஓரத்தையும் நடுச்சீட்டையும் மட்டும் தொட்டு, இரு கைகளாலும் எடுக்க வேண்டும். (இதை எழுதும்போது எங்களில் ஒருத்தி தலைகுனிந்திருக்கிறாள்!) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலும் அடுப்பின் சூடும் படலாகாது. மெல்லிய துணியால் தூசி துடைக்கலாம். ஆனால் ஸ்பிரிட் ஊற்றி அரக்குத் தட்டைத் துடைக்கவே கூடாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். கிராமபோனில் ஒவ்வொரு பக்கத்திற்கும் புதிய எஃகு முள் மாற்றுவது நன்று.

ஒரு குறிப்பேடு வைத்து, சீட்டில் உள்ள பெயர், எண், பாடியவர் அல்லது பேசியவர், யாரிடமிருந்து கிடைத்தது ஆகியவற்றை எழுதுங்கள். அந்த எண்ணே எங்களை ஆத்தூருக்கு அழைத்துச் சென்றது.

படி எடுத்துப் பலருக்குக் கொடுக்கும் முன் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும. நம் நாட்டில் ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1952 இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2012 ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் பாட்டை அல்லது வசனத்தை எழுதியவரின் உரிமை வேறு. அது அவர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் உண்டு. இரண்டையும் பார்த்தே பொதுவில் வெளியிட வேண்டும். வீட்டாரும் அண்டை அயலாரும் கூடி உட்கார்ந்து கேட்பதே பகிர்தலில் தலைசிறந்தது.

முடிவுரை

உடைந்த தட்டின் நான்கு துண்டுகளை மைக்செட் தாத்தா எங்களுக்கே கொடுத்துவிட்டார். அவை இப்போது பள்ளி நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டாவது கூட்டத்திற்குத் தாத்தாவும் ஆத்தூர்ப் பெரியப்பாவும் அருகருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் கேட்காமல் போன மறுபக்கம் ஒலித்தது. தாத்தா, கலைவாணர் வாய் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத்தான் தெரியுமே! அவர் சிரித்ததைப் பார்த்து நாங்களும் சிரித்தோம்.

செல்வம் கொடுத்தால் குறையும். சிரிப்பு கொடுத்தால் வளரும். பூட்டி வைத்த தட்டு பேசாது. அன்புச் சகோதரியரே, இந்த விடுமுறையில் உங்கள் பாட்டி வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். பெட்டி கிடைத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள நாங்கள் கற்றுக்கொண்டோம்.

பயிற்சி வினாக்கள்

1. நிமிடத்திற்கு 33⅓ சுற்று சுற்றும் நெடுந்தட்டு 24 நிமிடம் ஓடினால் எத்தனை முறை சுற்றியிருக்கும்?

2. அரக்குத் தட்டுக்கும் வினைல் தட்டுக்கும் உள்ள மூன்று வேறுபாடுகளை எழுதுக.

3. நகை பிறக்கும் நான்கு காரணங்களுக்கும் உங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகத் தருக.

4. உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ இளமையில் சிரிக்க வைத்த வேடிக்கை ஒன்றைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதுக.

5. முகம் காட்டாமல், குரலால் மட்டும் மூன்று நிமிடம் வகுப்பைச் சிரிக்க வைக்க முயல்க. எவர் மனமும் புண்படக் கூடாது.